குழாயில் வந்தால் புற்றுநோய்

பல வருஷம் காத்திருந்த வேலை அடுத்த மாதம் உங்கள் கைக்கு வரப்போகிறது. அதை வாங்கித் தந்த உங்கள் கண்டுபிடிப்பு தப்பு என்று இன்றைக்கு உங்களுக்குத் தெரிகிறது. வெளியே ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் வாயைத் திறப்பீர்களா?

அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். மேடையில் எல்லோரும் உத்தமர்கள்தான். வீட்டு வாடகையை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். இத்தாலியில் எங்கள் ஃபெர்ராரா நகரத்தில் நீவெஸ் பல்போனி என்ற பெண்ணிடம் இந்தக் கேள்வி வந்தது. அப்போது அவளுக்கு நாற்பது வயது. குடியிருந்தது ஒரு சைக்கிள் கடையின் மாடியில். நிலையான வேலை இல்லாதவளுக்கு வீட்டுக் கடன் தர எங்கள் ஊரில் எந்த வங்கியும் துணியாது.

நீவெஸ் கோரோக்காரி. போ நதி கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் ஊர் அது. அப்பா சிப்பி அள்ளுகிறவர், அம்மா ஈரிதே அதைச் சந்தையில் விற்கிறவள். திங்கட்கிழமை காலையில் நீவெஸ் எங்கள் எலும்பு ஆய்வகத்துக்குள் நுழைந்தால் பின்னாலேயே கடல் வாசனையும் நுழையும். சைக்கிள் கூடையில் எங்களுக்கென்று ஒரு பை சிப்பி இருக்கும். ரத்த மாதிரிகள் வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில் அதை வைத்துவிட்டு, "தப்பா எடுத்துப் பரிசோதனை பண்ணிடாதீங்க, சிப்பிக்கு எலும்பே கிடையாது" என்பாள். வாரா வாரம் அதே நகைச்சுவை. நாங்களும் வாரா வாரம் சிரிப்போம். சிப்பி அவ்வளவு ருசி.

எங்கள் எலும்பு ஆய்வு நிலையத்தில் அவளுடைய வேலை வருஷ ஒப்பந்தம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அது முடிந்துபோகும். புதிய தாள் வந்து சேர அக்டோபர் ஆகும். நடுவில் செப்டம்பர் என்று ஒரு மாதம் இருக்கிறதே, அதில் சம்பளம் வராது. வேலை மட்டும் வரும். குழந்தைகளின் புற்றுநோயை ஒழிக்க வேண்டும் என்று மாலை விருந்துகளில் கண் கலங்குகிற அரசு, அந்த வேலையைச் செய்கிறவளுக்குச் செப்டம்பரில் சோறு எங்கிருந்து வரும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நிலையான வேலை என்ற இரண்டு சொல் எங்கள் நாட்டில் காதலைவிடப் பெரிய சொல். நீவெஸ்ஸைக் காதலித்தவர்கள் கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அந்த இரண்டு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அவள் தேடியது என்ன என்று சொல்லிவிடுகிறேன், எளிதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஆணைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளர், பிரி, நில், சாவு என்று. அந்த ஆணையைச் சுமந்து போகிற தூதன் ஒருவன். அவன் மேல் போய் ஒட்டிக்கொண்டு அவன் வாயைப் பொத்துகிற குட்டித் துணுக்குகள்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. அவை எதையும் கட்டுவதில்லை. யாரைப் பேசவிடுவது, யாரை அடக்குவது என்பது மட்டுமே அவற்றின் வேலை. எலும்பு மளமளவென்று நீளுகிற பருவத்தில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டி, ஒரு புற்று கிளம்புகிறது. அந்தக் கட்டியை எடுத்துப் பார்த்தால், 'வளர்' என்று கத்துகிறவன் வாயைப் பொத்த வேண்டிய சில துணுக்குகள் குறைந்துபோயிருக்கும். வேறு சில அளவுக்கு மீறிப் பெருகி, 'நில்' என்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும்.

கட்டியில் இப்படியென்றால் ரத்தத்தில் ஏதாவது கசியாதா? ஒரு சொட்டு ரத்தத்தில், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே நோயைப் பிடித்துவிட முடியாதா? பதினைந்து வருஷத்துக்கு முன்னால் உலகத்தில் பாதி ஆய்வகங்கள் இந்தக் கனவில்தான் இருந்தன. நீவெஸ்ஸும் இருந்தாள். ஒரு நாள் அவளுக்கு அது கிடைத்தேவிட்டது.

புற்றுநோய் வந்த பிள்ளைகளின் ரத்தத்தில் ஒரு துணுக்கு எக்கச்சக்கமாக இருந்தது. நல்ல உடம்புக்காரர்கள் ரத்தத்தில் அது கொஞ்சமே. அதற்கு எண்ணால் ஆன ஒரு பெயர் உண்டு. ஆய்வகத்தில் நாங்கள் அதைக் குட்டி என்று கூப்பிட்டோம். குட்டி ஒரு பிள்ளையிடம்கூடப் பொய்க்கவில்லை. எங்கள் தலைவர் பேராசிரியர் ஸாந்த்ரி நீவெஸ்ஸின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அவர் யாருக்கும் எளிதில் கைகூடக் கொடுக்காத மனிதர். மிலானிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. குட்டியை வைத்துப் பரிசோதனை நிலையம் திறப்பது, முழங்கால் வலிக்கிற எந்தப் பிள்ளையின் பெற்றோரும் பணம் கட்டிப் பார்த்துக்கொள்வது, நிலையத்துக்குப் பொறுப்பாளராக நீவெஸ் பல்போனி, நிலையான வேலை. எல்லாம் பேசி முடிந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி.

ஈரிதே கோரோவில் ஊரார் காலையில் கூடுகிற பாரில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தாள்.

"அடியே, நெசந்தானே? ஏமாத்திட மாட்டாங்களே?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"நெசந்தாம்மா."

"அப்ப முதல்ல அந்தச் சைக்கிள் கடை மாடியக் காலி பண்ணு. எம்பொண்ணு விஞ்ஞானின்னு சொல்றேன், எங்க குடியிருக்கான்னு கேக்கறாங்க, பஞ்சர் ஒட்டற கடைக்கு மேலன்னு சொல்ல வேண்டியிருக்கு."

இந்த இடத்தில் எங்கள் ஆய்வகத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட நல்ல உடம்புக்காரர்களின் ரத்தம் வேண்டுமே, அதற்கு நாங்களே கையை நீட்டுவோம். ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறையில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தால், நான்கு கொம்பு முறுக்கிய எங்கள் ஊர் ரொட்டியும் மொர்த்ததெல்லா இறைச்சியும் கிடைக்கும். எனக்குப் பக்கத்து மேசைக்காரன் ஃபெருச்சோ, ரொட்டிக்காகவே மாதம் இரண்டு முறை நல்ல உடம்புக்காரன் ஆவான். எங்கள் ரத்தத்தை எடுத்த கையோடு நீவெஸ் நடந்து கொண்டுவந்து இயந்திரத்தில் வைத்துவிடுவாள்.

பிள்ளைகளின் வார்டு தோட்டத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து ரத்தம் காற்றுக் குழாய் வழியாக வரும். சின்ன உருளையில் போட்டுப் பொத்தானை அழுத்தினால் நிலத்தடியில் சீறிப் பாய்ந்து, வளைவுகளில் முட்டி, எங்கள் பக்கத்துத் தொட்டியில் 'தட்'டென்று வந்து விழும். அந்த உருளைக்கு நாங்கள் வைத்த பெயர் தோட்டா.

நமக்குக் கையில், நோயாளிக்குக் குழாயில். இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வசதி என்பது அப்படித்தான். அனுபவிக்கிறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

அந்த வசந்த காலத்தில் ரத்தம் எடுக்கிற எங்கள் அறைக்கு வெள்ளையடித்தார்கள். கம்பெனிக்குக் காட்ட கடைசியாக ஒரு தொகுதி நல்ல ரத்தம் வேண்டும். "வார்டுக்குப் போய்க் குடுத்துட்டு வாங்களேன்" என்றாள் நீவெஸ். போனோம். பேராசிரியர்கூட வந்தார், ஊசியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி கொடுத்தார். நர்ஸ் பழக்கப்படி எல்லாவற்றையும் தோட்டாவில் போட்டு அனுப்பிவிட்டாள். நாங்கள் தோட்டத்து வெயிலில் மெல்ல நடந்து திரும்பினோம்.

முடிவுகள் திரையில் வந்தபோது ஃபெருச்சோதான் முதலில் பார்த்தான்.

"எல்லாரும் வாங்க. வந்து நல்லாப் பாத்துக்குங்க."

"என்னடா?"

"நம்ம எல்லாருக்கும் எலும்புப் புற்றுநோய்."

"எல்லாருக்குமா?"

"ஒருத்தர் பாக்கியில்ல. புரொஃபசருக்குத்தான் ரொம்ப முத்திப் போச்சு." அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "நான் போயிட்டா என் சைக்கிள நீ எடுத்துக்க, நீவெஸ்."

"அந்தச் சைக்கிளா? அதுக்கு நீ இருந்துட்டே போகலாம்."

எங்களில் அதிகம் சிரித்தவள் நீவெஸ்தான். ரொட்டியைக் கடித்தபடி சிரித்தாள். பாதியில் வாய் நின்றது. ரொட்டி வாயிலேயே இருக்க, "இந்தத் தடவ நம்ம ரத்தம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

"தோட்டால," என்றேன்.

அவள் எழுந்து போய், எங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். நல்ல வெள்ளை ஒயின் நிறத்தில் இருக்க வேண்டியது அது. ஃபெருச்சோ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"யாரோ இதுல ஒரு சொட்டு லாம்புரூஸ்கோ சிந்திட்டாங்க."

லாம்புரூஸ்கோ எங்கள் பக்கத்துச் சிவப்பு ஒயின். அவன் சொன்னது சரி. உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு வெட்கச் சிவப்பு அதில் இருந்தது. குழாயின் வளைவுகளில் முட்டி மோதி வந்த வேகத்தில் கொஞ்சம் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. சிவப்பணுவுக்குள் என்ன மண்டிக் கிடக்கிறது? குட்டி.

அன்றைக்கே நீவெஸ் ஃபெருச்சோவிடமும் தன்னிடமும் இரண்டிரண்டு சோதனைக் குழல் ரத்தம் எடுத்தாள். ஒன்று தோட்டாவில், ஒன்று கையில். தோட்டாவில் வந்த இருவருக்கும் புற்றுநோய். நடந்து வந்த இருவரும் நலம். இது போதாது என்றாள். அடுத்த சில வாரங்கள் தினமும் வார்டுக்குப் போய், புதிதாக வந்த பிள்ளைகளின் ரத்தத்தைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்து வந்தாள். நோய் நிச்சயமான பிள்ளைகள். அவர்கள் ரத்தத்தில் குட்டி எங்கள் அளவுக்குத்தான் இருந்தது. ஒரு நூல் கூடவில்லை.

குட்டி புற்றுநோயைக் காட்டவில்லை. குழாயைக் காட்டியது.

நீவெஸ் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஸாந்த்ரி கெட்டவர் இல்லை. எழுபதை நெருங்குகிறவர், ஒரு வெற்றியோடு ஓய்வு பெற ஆசைப்பட்டவர். முதலில், "பெயிண்ட் வாசனையில மெஷின் கெட்டுருக்கும்" என்றார். அவள் பிள்ளைகளின் முடிவை நீட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"இங்க பாரு நீவெஸ். இது சின்னக் கோளாறு. அறிக்கையில கடைசிப் பக்கம் ஒரு வரி போடுவோம், ரத்தத்தைக் கவனமாக் கையாளணும்னு. நிலையம் வரட்டும், உன் வேலை வரட்டும். அப்புறம் உள்ள உக்காந்துகிட்டு நிதானமாத் திருத்து."

"உள்ள போனவங்க யாராவது உக்காந்து திருத்தினதப் பாத்திருக்கீங்களா, புரொஃபசர்?"

"நீ உன்னப் பத்தி யோசி. உனக்கு இன்னொரு வாய்ப்பு வராது."

"தெரியும். ஆனா ஒரு பிள்ளையோட ரத்தத்த யாரோ ஒழுங்காக் கையில எடுத்துட்டு வந்தா, இந்தப் பரிசோதனை அதுகிட்ட என்ன சொல்லும்? உனக்கு ஒண்ணுமில்ல, போய் விளையாடுன்னு சொல்லும். கட்டி உள்ள வளந்துட்டிருக்கும். அந்தக் காலுக்கு யாரு பதில் சொல்றது, நீங்களா நானா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கம்பெனியிலேர்ந்து கிரெஸ்பி வர்றார், கையெழுத்துப் போட" என்று மட்டும் சொன்னார். சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. படித்த மனிதர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளியில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

வெளியே வந்ததும் நீவெஸ் படிக்கட்டில் உட்கார்ந்தாள். "எங்கம்மா பார் முழுக்கக் காபி வாங்கிக் குடுத்துட்டா" என்றாள். அழவில்லை. பிறகு எழுந்து, "வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு எந்தக் கடை?" என்று கேட்டாள்.

கிரெஸ்பி மிலான்காரர். கம்பெனியின் இயக்குநர், நல்ல கோட்டு, நல்ல காலணி. காலையில் வந்ததும் வராததுமாக நீவெஸ் புன்னகையோடு சொன்னாள்: "டாக்டர் கிரெஸ்பி, நீங்களும் கையை நீட்டுங்களேன். விக்கப்போறது நீங்கதானே, ஒரு தடவ நீங்களே பாத்துடுங்க. ரெண்டே ரெண்டு குழல்."

மறுக்க முடியுமா? நீட்டினார். வார்டில் எடுத்த இரண்டு குழலில் ஒன்று தோட்டாவில் சீறிக்கொண்டு போனது. இன்னொன்றை நீவெஸ் கையில் ஏந்தி, தோட்டத்து வழியாக, புதுமணப்பெண்ணை அழைத்து வருகிற மாதிரி நடந்து கொண்டுவந்தாள். பேராசிரியர் இரண்டையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தடுத்திருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் ஊர் மதியச் சாப்பாடு ஒரு பரிசோதனை முடிகிற அளவுக்கு நீளமானது. பூசணி அடைத்த பாஸ்தா வந்தது, அதற்கு மேல் இறைச்சிக் குழம்பு வந்தது, லாம்புரூஸ்கோவும் வந்தது. ஃபெருச்சோ அந்தப் புட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இருமினான். கிரெஸ்பி எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். திரும்பி வந்தபோது திரையில் இரண்டு முடிவு காத்திருந்தது.

கிரெஸ்பி கண்ணைச் சுருக்கினார். "இதுல எது என்னோடது?"

"ரெண்டுமே உங்களோடதுதான்," என்றாள் நீவெஸ்.

"ஒண்ணு ரொம்ப உயரத்துல இருக்கே." அவர் முகம் வெளிறியது. "எனக்கென்ன, கேன்சரா?"

"குழாயில வந்த உங்களுக்கு இருக்கு. நடந்து வந்த உங்களுக்கு இல்ல."

பிறகு அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். உங்களுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்று மூன்று நான்கு தடவை சொன்னாள். அந்தச் சில நொடி பயத்தைத்தான் அந்தக் கம்பெனி ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்குக் காசுக்கு விற்கவிருந்தது. விற்கிறவர் ஒரு தடவை அதைச் சுவைத்துப் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கிரெஸ்பி பேனாவைச் சட்டைப் பைக்குள் திரும்பச் செருகிக்கொண்டார். கதவருகில் நின்று நீவெஸ்ஸிடம் கை நீட்டி, "நன்றி சொல்றதா திட்டறதான்னு தெரியல" என்றார்.

"ரெண்டு குழல்லயும் ஒவ்வொண்ணு போட்டு அனுப்புங்க," என்றான் ஃபெருச்சோ.

நிலையம் போயிற்று. வேலை போயிற்று. அன்று மாலை நீவெஸ் கோரோவுக்குத் தொலைபேசியில் பேசினாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

"பார்ல எல்லாருக்கும் சொல்லிட்டேனேடி!"

"மறுபடி போய்ச் சொல்லும்மா."

"என்னன்னு?"

"உன் பொண்ணு ஒரு தப்பக் கண்டுபிடிச்சுட்டான்னு."

"யாரோட தப்ப?"

"அவளோடதுதான்," என்று சொல்லி, குழாய்க் கதையையும் சொன்னாள்.

ஈரிதே சொன்னாள்: "செத்த சிப்பி கலந்திருக்குன்னு தெரிஞ்சா உங்கப்பா மூட்டையோட கடல்ல கொட்டிட்டு வருவாரு. எத்தன தடவ! நான் கத்துவேன். அவரு காதுலயே வாங்க மாட்டாரு, மறுநாள் காலையில மறுபடி போயிடுவாரு. நீ அவரு ரத்தம். சரி, அதையாவது ஒழுங்காக் கையில எடுத்துட்டு வந்தியே." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இப்ப சொல்லு. தப்பக் கண்டுபிடிச்சதுக்கு நான் அவங்களுக்குக் காபி வாங்கித் தரணுமா, அவங்க எனக்கு வாங்கித் தரணுமா?"

நீவெஸ் அப்போதுதான் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்தத் தப்பை அவள் ஒரு சிறிய கட்டுரையாக எழுதினாள். ஸாந்த்ரி படித்துப் பார்த்துவிட்டு, தன் பெயரை முதலில் போட முடியுமா என்று கேட்டார். அவள் கடைசியில் போட்டாள். எங்கள் ஆய்வகத்தில் இன்றைக்கு எல்லா ரத்தமும் ஒரே வழியில்தான் வருகிறது, எங்களுடையதும் பிள்ளைகளுடையதும். ஒவ்வொரு குழலையும் வெள்ளை ஓட்டின் மேல் வைத்துப் பார்க்கிறோம். சிவப்புத் தட்டினால் "லாம்புரூஸ்கோ!" என்று குரல் கொடுத்து ஒதுக்கிவிடுகிறோம். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் அது ஏதோ பாடப்புத்தகச் சொல் என்று நினைத்துக் குறித்துக்கொள்கிறார்கள்.

நீவெஸ் இப்போது கட்டித் திசுவிலேயே வேலை செய்கிறாள். குறைந்துபோன துணுக்கைத் திரும்பக் கொடுத்தால் 'வளர்' என்கிறவன் வாயை மறுபடி பொத்த முடியுமா என்று பார்க்கிறாள். மெதுவான வேலை, மேடையில்லாத வேலை. ஒப்பந்தம் இன்னும் ஆகஸ்டில் முடிகிறது. கண்டுபிடித்தவளுக்கு மாலை போட ஆள் இருக்கிறது. தப்பைக் கண்டுபிடித்தவளுக்குச் செப்டம்பர் சம்பளம் போட ஆள் இல்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. சைக்கிள் கடைக்காரர் வாடகையை ஏற்றுவதில்லை. திங்கட்கிழமை அவருக்கும் ஒரு பை சிப்பி போகிறது.

ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயையும் சொல்லிவிடுகிறோம் என்று உங்கள் ஊரிலும் யாராவது விளம்பரம் செய்யலாம். அதை யாரிடம் சோதித்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். அதைவிட முக்கியமானது இது. உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், ஒரு பிள்ளைக்கு முழங்காலுக்குப் பக்கத்திலோ தோளருகிலோ வலி வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், அங்கே வீங்கியிருந்தால், அது வளர்கிற வலி, விளையாடிய வலி என்று எண்ணெய் தேய்த்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், டாக்டரிடம் காட்டி, ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.